செவ்வாய் மாலை நான்கு மணிக்கு அந்த வீட்டுக்குப் போங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும், ஆய்வகம் நடத்தும், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் வளாகத்தில் லத்தீனோ மாணவர்களுக்கான, அதாவது மெக்சிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கான, பண்பாட்டு மையம் இருந்தால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காருங்கள். விழாவில் கலந்துகொள்ளவோ உரை நிகழ்த்தவோ அழைக்கவில்லை. அங்கே வரும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ நான்கு ஆண்டும் வழித்துணையாக இருக்கத்தான் அழைக்கிறேன். பல ஊர்களில் அந்த மையம் வளாகத்தின் ஓரமாக ஒரு பழைய வீட்டில் இருக்கும். சில இடங்களில் அதன் பெயரே ‘லா காசா’. ஸ்பானிய மொழியில் அதற்கு வீடு என்றுதான் பொருள்.

நான் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறேன். என் அறையிலிருந்து அந்த வீடு ஏழு நிமிட நடை. ஆறு ஆண்டுகள் அதைத் தாண்டித்தான் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்வந்தேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அங்கே எனக்கென்ன வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னை உள்ளே கொண்டுபோனது ஒரு தொலைபேசி அழைப்பு. என் முதலாமாண்டு கால்குலஸ் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு தேர்விலும் அவள்தான் வகுப்பில் முதல். நவம்பரில் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த மையத்தின் இயக்குநர் கூப்பிட்டார். “அவளுடைய பேராசிரியர் நீங்கள்தானே? ஐந்து நிமிடம் வந்துபோக முடியுமா?” போனேன். சமையலறை மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கடிதம். காலடியில் ஊருக்குக் கட்டிய பெட்டி.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். கட்டணத்தில் 340 டாலர் பாக்கி. அதனால் அவள் கணக்கில் ‘ஹோல்டு’ போட்டிருக்கிறார்கள். பாக்கியைக் கட்டும்வரை அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய முடியாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதைத் தடித்த எழுத்தில், சட்ட நோட்டீஸ் போல எழுதியிருந்தார்கள். தன்னைக் கல்லூரியைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கூரை போடும் வேலை. அம்மா இறைச்சி ஆலையில் இரவுப் பணி. வீட்டில் கல்லூரிப் படி ஏறியவர் யாருமில்லை. யாரிடம் காட்டிக் கேட்பாள்? இயக்குநர் ஓர் அலுவலகத்தைக் கூப்பிட்டார், நான் இன்னோர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அவசரக் கடன் நிதியிலிருந்து தொகை வந்தது, தடை நீங்கியது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அந்த இருபது நிமிட வேலையை மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் அவள் தனியே சுமந்திருக்கிறாள்.

அன்று மாலை திரும்பி நடந்தபோது 1998-ஐ நினைத்துக்கொண்டேன். செய்யாறு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் குத்தகை நிலம். வேலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். அமெரிக்க மேற்படிப்புக்கு ஜி.ஆர்.இ. என்றொரு தேர்வு இருப்பதை விடுதியில் எனக்கு மூன்று வருடம் மூத்த ஓர் அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். தன் புத்தகத்தையே கொடுத்தார். விண்ணப்பக் கட்டணத்தை விலக்கும்படி கடிதம் எழுதிக் கேட்கலாம், சில பல்கலைக்கழகங்கள் விலக்கும் என்று சொன்னதும் அவர்தான். விமானம் இறங்கியபோது வெளியே இன்னொரு தமிழர் கையில் ஒரு குளிர் ஜாக்கெட்டோடு நின்றார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்து நாள் அவர் வீட்டுத் தரையில் படுத்தேன். வங்கிக் கணக்கு, டி.ஏ. என்ற உதவி ஆசிரியர் வேலையின் நெளிவு சுளிவு, எந்தப் பேராசிரியரிடம் எந்த நேரத்தில் பேசினால் காது கொடுப்பார் என்பது வரை எல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தது. நம்மில் பலர் இங்கே வந்து சேர்ந்தது இப்படித்தான். நம் மதிப்பெண்ணும் உழைப்பும் உண்மை. முன்னே ஏறியவர்கள் விட்ட கயிறும் உண்மை.

அந்தப் பெண்ணுக்குக் கயிறு விட ஆளில்லை. அவள் இந்த நாட்டில் பிறந்தவள், என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசுபவள். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் எழுதாத விதிகளில் அவளைவிட எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. இதை நாம் உணர்வதே இல்லை. தமிழ்நாட்டில் ‘முதல் பட்டதாரி’ என்று சான்றிதழே கொடுத்து, தொழிற்கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆகவே அந்தச் சொல்லின் பாரம் நமக்கு விளங்கும். இங்கே ‘பிரிமேரா ஹெனெராசியோன்’, முதல் தலைமுறை, என்று அந்தப் பிள்ளைகள் தங்களைச் சொல்லிக்கொள்ளும்போது அதே பெருமையும் அதே பயமும் அதில் இருக்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லத்தீனெக்ஸ் என்ற சொல்லைப் பல மையங்களின் வாசலில் பார்ப்பீர்கள். ஸ்பானிய மொழியில் லத்தீனோ ஆண்பால், லத்தீனா பெண்பால். இருபாலரும் சேர்ந்த கூட்டத்தை ஆண்பாலாலேயே சொல்வது அதன் இலக்கணம். எவரையும் விட்டுவிடாமல் சொல்ல வந்த வழிதான் லத்தீனெக்ஸ். ‘லத்தீனே’ என்று சொல்கிறவர்களும் உண்டு. பியூ ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அமெரிக்காவில் வாழும் லத்தீனோ பெரியவர்களில் லத்தீனெக்ஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் 23 சதவீதம், தங்களைக் குறிக்கப் பயன்படுத்துகிறவர்கள் 3 சதவீதம். பலர் தங்களை மெக்சிகர் என்றோ, குவாத்தமாலாக்காரர் என்றோ, போரிக்குவா (புவெர்ட்டோ ரிக்கோக்காரர்) என்றோதான் சொல்வார்கள். ‘மாணவர்’ என்று சொன்னாலே எல்லோரையும் அடக்கிக்கொள்ளும் மொழி நம்முடையது. இந்தத் தகராறு நமக்கில்லை. எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். இந்த மடலில் எளிமைக்காக லத்தீனோ என்று எழுதுகிறேன்.

நம் வீட்டு விருந்துகளில் கேட்கும் ஒரு பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். “அவங்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்பார்கள். நல்லவர்கள், படித்தவர்கள், தெரியாமல் சொல்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிகப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி வைத்திருந்தார்கள். மெண்டெஸ் குடும்பமும் இன்னும் நான்கு குடும்பங்களும் வழக்குப் போட்டு 1946-இல் வென்றார்கள்; மேல்முறையீட்டிலும் 1947-இல் தீர்ப்பு நிலைத்தது. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்ன தீர்ப்புக்கு ஏழு ஆண்டு முந்தியது இது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். தொழில் பழக்கும் வகுப்பிலேயே தங்களைத் தள்ளாமல் கல்லூரிக்குத் தயார்படுத்துங்கள், ஸ்பானிய மொழி பேசியதற்குத் தண்டிக்காதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் முக்கியமானவை. பள்ளியில் தாய்மொழி பேசினால் அபராதம் என்ற வழக்கம் நமக்கும் தெரிந்ததுதானே. படிப்பு வேண்டும் என்று தெருவில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து நாட்டமில்லை என்று சொல்லலாமா?

இன்று நாம் நுழைந்துபோகும் அந்த வீடுகளும் அந்தப் போராட்டத்தின் பிள்ளைகள்தாம். அயோவா பல்கலைக்கழகத்தில் 1971-இல் மெக்சிக அமெரிக்க மாணவர்களும் பூர்வகுடி மாணவர்களும் சேர்ந்து ஒரே வீட்டைக் கேட்டு வாங்கினார்கள். இரண்டு சமூகங்களுக்கும் அது பொது வீடாயிற்று. இண்டியானாவில் 1973, இல்லினாயில் 1974, ஸ்டான்ஃபோர்டில் 1978. யேலில் இருக்கும் வீட்டுக்குப் புவெர்ட்டோ ரிக்கோவின் கவிஞர் ஹூலியா தெ புர்கோஸின் பெயர். இவற்றை நிர்வாகம் தானாகக் கொடுத்த கொடை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் மாணவர்கள் கேட்டு, போராடி வாங்கியவை.

நமக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1965 அக்டோபர் 3 அன்று ஜனாதிபதி ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் அடியில் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்பதுதான் ஒதுக்கீடு. நம் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவு திறந்தது அந்தச் சட்டத்தால்தான். கறுப்பின மக்கள் நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள் வந்த சட்டம் அது. அதே சட்டம், அதுவரை எண்ணிக்கை வரம்பு இல்லாதிருந்த மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு முதல்முறையாக ஆண்டுக்கு 120,000 என்று ஓர் எல்லை கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1942 முதல் மெக்சிகத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் வயல்களுக்குக் கொண்டுவந்த பிராசெரோ திட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். வயல் அங்கேயே இருந்தது, அறுவடையும் இருந்தது, வேலைக்குக் கூப்பிடும் முதலாளியும் இருந்தார். காகிதம் மட்டும் இல்லாமல் போயிற்று. நம்மைச் சட்டபூர்வமாக உள்ளே விட்ட அதே பேனாதான் அவர்களில் பலரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. “நாங்க முறைப்படி வந்தோம்” என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

சரி, அங்கே போய் என்ன செய்வது?

நான் கண்டவரை, முக்கால்வாசி வேலை கேள்வி வரும்வரை காத்திராமல் நாமே பேச்சைத் தொடங்குவது. டெக்சாஸின் லாரெடோவிலிருந்து வந்த கல்வியாளர் லாரா ரெண்டோன் 1994-இல் இதைத்தான் எழுதினார்: தயங்கி வரும் மாணவர் தாமாகக் கேட்கட்டும் என்று நிறுவனம் காத்திருந்தால் அவர் வரமாட்டார்; உன்னால் முடியும் என்று நிறுவனத்தின் ஆள் முதலில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ‘ஆபீஸ் ஹவர்ஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் வந்து கேட்பதற்காகப் பேராசிரியர் ஒதுக்கும் நேரம் அது. பேராசிரியர் வேலை செய்யும் நேரம், அப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க வராமலிருந்த பையனை எனக்குத் தெரியும். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருள் கொள்ளலாம். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்த்த பிள்ளை அவன், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல.

பெயரில் தொடங்கலாம். அவர்களில் பலருக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். கல்லூரிக் கணினி ஒன்றை விழுங்கிவிடும், அல்லது நடுப்பெயர் ஆக்கிவிடும். நிதியுதவிப் படிவத்தில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் பணம் நிற்கும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி, அதனால் விமான நிலையத்திலும் வங்கியிலும் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரு பெண் தன் மாணவர் அட்டையைக் காட்டி, “இதில் என் அம்மா இல்லை, ப்ரொஃபே” என்றாள். நான் என் கதையைச் சொன்னேன். என் பெயரில் ஊரும் இல்லை, அப்பா கடைசியில் போய் நின்றுகொண்டிருக்கிறார் என்று. அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் மற்றதையெல்லாம் பேசினாள். ‘ப்ரொஃபே’ என்பது ப்ரொஃபெசோர் என்பதன் செல்லச் சுருக்கம். இந்தப் பதினோரு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதுவே பெரிது.

குடும்பம் அடுத்தது. தங்கையின் கின்சியான்யேரா, அதாவது பதினைந்தாம் பிறந்தநாள் விழா, பருவத் தேர்வு வாரத்தில் வரும். தாத்தா இறந்தால் நான்கு மணி நேரம் பேருந்தில் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவார்கள். நிதியுதவியில் மிஞ்சிய பணம் வீட்டு வாடகைக்குப் போகும். சிறு வயதிலிருந்தே மருத்துவமனையிலும் வங்கியிலும் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்த்தவர்கள் இவர்கள். கல்லூரி வந்தபின்னும் வகுப்பு நடுவில் அந்தத் தொலைபேசி வரும். ஆலோசகர்கள் பலர் சொல்வது, “உன் படிப்பை முதலில் பார், வீட்டுக்கு எல்லை போடு.” அந்த அறிவுரை பலிக்காது. எல்லை போடச் சொன்னால் அந்தப் பிள்ளை நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்திக்கொள்ளும். வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதை விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்ளும் பேராசிரியர்கள் இந்த வளாகங்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? நாம் இருக்கிறோம். “போய்விட்டு வா, தேர்வை வெள்ளிக்கிழமைக்கு மாற்ற இப்போதே கேட்டு எழுது, நான் காட்டித் தருகிறேன்” என்று சொல்ல நமக்கு வரும்.

படிப்பைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சேர்ந்து படிப்பது. பெர்க்லியில் 1970-களில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர் கால்குலஸ் மாணவர்களைக் கூர்ந்து கவனித்தார். சீன அமெரிக்க மாணவர்கள் மாலையில் கூடி ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் அதே அளவு உழைத்தார்கள், ஆனால் தனியாக. எங்கே தவறினோம் என்பது தேர்வுத்தாள் வந்த பிறகுதான் தெரிந்தது. கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடும் பட்டறைகளை அவர் தொடங்கினார். தேர்ச்சி மாறியது. இலகுவான கணக்கைக் கொடுத்து இரக்கம் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் மையத்தின் சாப்பாட்டு மேசையில் புதன் இரவுகளில் அதைத்தான் செய்கிறோம். ஒரு பக்கம் சோறும் ஃப்ரிஹோலெஸும், அவர்கள் ஊர் பீன்ஸ், சூடாகும். மறுபக்கம் தொகையிடல். இயக்குநர் எல்லோரையும் ‘மிஹா’, ‘மிஹோ’ என்பார். நாம் ‘கண்ணு’ என்போமே, அது. இரவு வேலைக்கும் காலை எட்டு மணி வகுப்புக்கும் நடுவில் அந்தச் சோஃபாவில் இரண்டு மணி நேரம் தூங்கிப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளில் ‘புவெந்தே’ என்றொரு திட்டம் உண்டு. பாலம் என்று பொருள். 1981-இல் சாபோ கல்லூரியில் ஃபெலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பட்ரீசியா மக்ராத் என்ற ஆங்கில ஆசிரியரும் தொடங்கியது. எழுத்துப் பயிற்சி, ஆலோசனை, சமூகத்திலிருந்து ஒரு வழித்துணை, இந்த மூன்றையும் ஒன்றாகப் பின்னினார்கள். நாற்பது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. இதில் நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும், நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காக. இரண்டாம் வருடம், வேதியியலில் திணறிய ஒரு பையனுக்கு, “இந்தப் பாடத்தை விட்டுவிடு, அடுத்த பருவத்தில் எடு” என்றேன். பேராசிரியர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லாமல் விட்டான். அதனால் அவன் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினான். முழுநேர மாணவன் என்ற தகுதி போயிற்று, உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. அவன் என்னிடம் கோபப்படவேயில்லை. “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க ப்ரொஃபே” என்றான். இன்றும் அது என்னை உறுத்துகிறது. நமக்கு உதவித்தொகை பெரும்பாலும் துறையிலிருந்து வந்தது. மத்திய அரசின் நிதியுதவி கேட்கும் ஃபாஃப்சா படிவம் நாம் நிரப்பியதில்லை. ஆகவே பாடத்தை விடச் சொல்வதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தேர்ச்சி விகிதமும் சராசரியும் ஓர் அளவுக்குக் கீழே போனால் உதவி நிற்கும் என்பதையும் மாணவர் அறிந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

குடியேற்ற நிலையை ஒருபோதும் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் மின்னஞ்சலிலோ பரிந்துரைக் கடிதத்திலோ எழுதாதீர்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் குடியேற்ற நிலை எதுவானாலும் பள்ளிக் கதவை எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்துவைத்தது. பள்ளி முடிந்த மறுநாள் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. காகிதமில்லாத மாணவருக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது. சிறு வயதில் காகிதமின்றிக் கொண்டுவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் காக்க 2012-இல் வந்த டாக்கா திட்டம் 2007 ஜூனிலிருந்தே இங்கே இருந்தவர்களுக்கு மட்டும்; இப்போது முதலாமாண்டு சேரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளில் அநேகமாக யாரும் அதற்குள் வரமாட்டார்கள். குடிமக்களாகப் பிறந்தவர்களுக்கும் இதன் நிழல் உண்டு. 2023 டிசம்பரில் புதிய ஃபாஃப்சா படிவம் வந்தபோது, பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத மாணவர்களால் பல வாரங்கள் அதை முடிக்கவே முடியவில்லை. அந்த வாரங்களில் மையத்தின் அந்த மேசையில் கண்ணீர் பார்த்தேன். பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு, கணினிதான் ஏற்கவில்லை.

நமக்கு எட்டாத, அவர்களுக்கு எட்டுகிற சில கதவுகளும் உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யு. கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களுக்குக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும்தான் விண்ணப்பிக்கலாம். ஊதியத்தோடு கோடையில் பல வாரம் ஆய்வு செய்யலாம். இந்தியாவிலிருந்து வந்த நம் மாணவருக்கு அது கிடையாது என்பதால் நாமும் அதை மறந்துவிடுகிறோம். உங்கள் வகுப்பில் இருக்கும் அந்த அமைதியான பெண்ணுக்கு அது கிடைக்கும். அவளுக்கு அது தெரியாது. லத்தீனோ, பூர்வகுடி அறிவியலாளர்களுக்கான சாக்னாஸ் என்ற சங்கம் 1973 முதலே இருப்பதும் அவளுக்குத் தெரிந்திராது. சொல்லுங்கள், சொல்வதோடு நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

லத்தீனோ பேராசிரியர்களின் இடத்தை நாம் நிரப்ப முடியாது. தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகை முன் நிற்பதைப் பார்ப்பதில் மாணவருக்குக் கிடைப்பதை நம்மால் தர இயலாது. ஆகவே நியமனக் குழுவில் உட்காரும்போது அங்கே வாயைத் திறங்கள். இருக்கிற இரண்டு மூன்று லத்தீனோ பேராசிரியர்கள் எல்லா மாணவர் சுமையையும் தாங்கள்தான் தாங்குகிறார்கள். அந்த மணிநேரங்களைப் பதவி உயர்வுக் கோப்பில் யாரும் எண்ணுவதில்லை. நாம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வீடுகள் மூடப்படுகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கான (டி.இ.ஐ.) அலுவலகங்களைத் தடுத்து டெக்சாஸில் 2023-இல் இயற்றிய சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்டினில் பல மாணவர் அமைப்புகளுக்குப் புகலிடமாயிருந்த பன்முகப் பண்பாட்டு மையம் மூடியது. அதே ஆண்டு ஜூலையில் யூட்டாவிலும் அதுபோன்ற சட்டம். வேறு இடங்களில் பலகையை மாற்றுகிறார்கள், இயக்குநர் பதவியை நிரப்பாமல் விடுகிறார்கள். எங்கள் வீடு இன்னும் திறந்திருக்கிறது. யாரும் உள்ளே வரலாம் என்பது அதன் விதி. நானே அதற்குச் சாட்சி. உங்கள் ஊரில் திறந்திருந்தால் இந்தப் பருவமே போங்கள். ஆண்டறிக்கையில் வந்துபோனவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு, அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு பேராசிரியர் எழுதும் கடிதம் கனமானது. எழுதுங்கள். மூடிவிட்டார்கள் என்றால் உங்கள் அறைக் கதவு இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஒரு மாணவரோடு உட்கார்ந்து பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஒவ்வொரு நவம்பர் தொடக்கத்திலும் அந்த வீட்டின் கூடத்தில் இறந்தோருக்குப் படையல் வைப்பார்கள். ‘ஓஃப்ரெண்டா’ என்று பெயர். படங்கள், ரொட்டி, மெழுகுவத்தி, அள்ளி அள்ளிக் கொட்டிய துலுக்கச் சாமந்தி. அந்தப் பூவின் பிறப்பிடமே மெக்சிகோ. அங்கிருந்துதான் நம் ஊர்ப் பூக்கடைக்கு வந்தது. நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு இயக்குநர் என்னிடம், “உங்கள் வீட்டிலிருந்து யார் படத்தையும் கொண்டுவரவில்லையா?” என்று கேட்டார். மறுநாள் அப்பாவின் படத்தைக் கொண்டுபோனேன். அந்த 340 டாலர் பெண்தான் அதை வாங்கித் தன் தாத்தாவின் பக்கத்தில் வைத்தாள். அவள் இப்போது சிகாகோவில் ஒரு பள்ளியில் கணிதம் நடத்துகிறாள்.

முதல் நாள் போகும்போது எதுவும் கொண்டுபோக வேண்டாம். இயக்குநரிடம் உங்கள் பெயர், துறை, வாரத்தில் எந்த நேரம் வருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் போங்கள். ஒருமுறை வந்து காணாமல் போனவர்கள் பலரை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் யாரும் உங்கள் பக்கம் வரமாட்டார்கள். எனக்கு மூன்று செவ்வாய்க்கிழமைகள் அப்படிப் போயின. மூலை நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் வாரம் ஒரு பையன் வந்து, பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
கணிதத் துறை